மூன்று குளிசைக்குப் பிறகும் பிரஷர் 160/100: நாலாவதை எழுத முதல் எதைப் பார்ப்பது?

படுவான்கரை எம்.ஓ. (வைத்திய அதிகாரி) கேட்டது:

மட்டக்களப்பு மாவட்டத்தில், வாவிக்கு மேற்குப் பக்கமுள்ள ஒரு பிரதேச வைத்தியசாலையின் கிளினிக் பற்றிய கேள்வி. பிரஷருக்கு மாதாமாதம் மருந்தெடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு 160/100க்குக் கீழே இறங்குவதே இல்லை. கொப்பியைப் புரட்டினால் அம்லோடிபின் 10, லொசாட்டன் 50 இரு வேளை, எச்.சி.ரி. (ஐதரோகுளோரோதயசைட், சலம் போகிற மருந்து) 25 என்று மூன்றும் இருக்கின்றன. சிலருக்கு அதற்கு மேல் பிரசோசினும் ஏறியிருக்கிறது. ஆனால் இதே ஆட்களில் பலர் கிளினிக் இல்லாத ஒரு நாளில் காய்ச்சல், காயம் என்று பின்னேரம் ஓ.பி.டி.க்கு வந்தால் 138, 142 என்றுதான் நிற்கிறது. மற்றவர்களுக்கு எந்த நாளில் யார் அளந்தாலும் கூடத்தான்.

வருகிறவர்கள் வயல், மீன்பிடி, கூலி வேலை செய்பவர்கள். முதல் பஸ்ஸில் வந்து நம்பர் எடுத்து, சீனிக்கு இரத்தம் கொடுத்து, அதன் பிறகு பிரஷர். ஒருவருக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் பெரிது.

நாலாவது மருந்தை எழுதுவது லேசு. அதற்கு முதல் எதை, எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும்? சாதாரணமாக எங்கள் மருந்துச்சாலையில் இருக்கும் மருந்துகளை வைத்தே சொல்லுங்கள். போதனா வைத்தியசாலைக்கு யாரை அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்து.

கிளினிக் மிஸ் (தாதி):

டொக்டர், கிளினிக் நாளில் மட்டும் கூடுது என்றால் அந்த நாளில் என்ன வித்தியாசம் என்று முதலில் பாருங்கோ. சீனிக்கு வெறும் வயிற்றோட வரச் சொல்லுறோம். "ஒண்டும் சாப்பிடாம குடியாம வாங்க" என்றால் சனம் குளிசையையும் அதுக்குள்ள சேர்த்துத்தான் எடுக்கும். காலைக் குளிசை வீட்டில கிடக்கும், இங்க பிரஷர் ஏறி நிற்கும், அதைப் பார்த்து இன்னொரு குளிசை எழுதுப்படும். அடுத்த திகதி போடும்போதே சொல்லிவிட வேணும்: பிரஷர்க் குளிசையை விடிய எழும்பினவுடன் பச்சைத் தண்ணியோட போடலாம், போடத்தான் வேணும். சாப்பாடு வரும்வரைக்கும் பிந்த வேண்டியது சீனிக் குளிசையும் காலை இன்சுலினும் மட்டும். மேசையில ஆள் இருந்தவுடன் முதல் கேள்வி "இண்டைக்குக் குளிசை போட்டீங்களா?" என்று இருக்கட்டும். போடவில்லை என்றால் அளவுக்குப் பக்கத்தில அதையும் கொப்பியில எழுதுங்கோ. அந்த அளவை வைத்து மருந்து கூட்ட வேண்டாம்.

அடுத்தது அளக்கிற விதம். வரிசையில நிற்கிற ஆளைப் பிடிச்சு இருத்தி உடனே எடுக்கிற அளவு எப்பவும் கூடத்தான் வரும். ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேணும், சாய்மானம் உள்ள கதிரையில. இரண்டு பாதமும் நிலத்தில, கால் மேல கால் போடக் கூடாது, கை மேசையில நெஞ்சு மட்டத்தில. வாங்கில இருத்தினால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை, கையும் தொங்கும். தொங்கின கையில 10 மட்டில் கூடக் காட்டும். அளக்கும்போது கதைச்சாலும் அவ்வளவுக்கு ஏறும், கதை கொடுக்கிறது அநேகமாக நாங்கள்தான். சலம் முட்டினாலும் ஏறும், அதனால முதலில் கழிச்சிட்டு வரச் சொல்லுங்கோ.

இரத்தம் கொடுத்த கையோட கன்டீனில பிளேன்டீ, பிறகு வெற்றிலை. சிகரெட் குடிக்கிறீங்களா என்று எல்லாரும் கேட்கிறோம், அம்மாமாரின்ட வாயில இருக்கிற புகையிலையைக் கேட்கிறதில்லை. அதுவும் நிக்கொட்டின்தான். துப்பி, வாய் கொப்பளிச்சு, அரை மணித்தியாலம் விட்டு அளக்க வேணும்.

புயத்தில சுற்றுகிற பட்டி விஷயம் இன்னும் மோசம். வழமையான பட்டி நடுப்புயச் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரைதான் சரி. அதுக்கு மேல பருத்த புயத்துக்கு 42 வரை போகிற பெரிய பட்டி வேணும். சின்னப் பட்டியை இழுத்துச் சுற்றினால் இல்லாத பிரஷரும் வந்து நிற்கும். அளக்கிற நாடாவை மேசையில வைச்சு, ஆள் பதியும்போதே புயத்தை அளந்து கொப்பியின் முன்பக்கத்தில "பெரிய பட்டி" என்று எழுதினால் வேலை முடிஞ்சது. அபாயா, நீளக்கைச் சட்டை என்றால் துணிக்கு மேல சுற்றவும் வேண்டாம், இறுகச் சுருட்டி மேலே ஏற்றவும் வேண்டாம். கையைக் கழற்றி எடுக்கிறதுக்கு ஒரு திரை மறைவு போதும்.

ஸ்டெதஸ்கோப்பால எடுக்கிறதென்றால் மணிக்கட்டு நாடி மறைகிற அளவுக்கு மேல இன்னும் 30 ஏற்றி, விநாடிக்கு 2 வீதம் இறக்க வேணும். அவசரத்தில விடுக்கென்று இறக்கினால் மேல் எண் குறைவாகவும் கீழ் எண் கூடவும் வரும். கொப்பி முழுக்க 140/90, 150/90, 160/100 என்று பூச்சியத்தில முடிஞ்சால் யாரும் ஒழுங்காகக் கேட்டு எடுக்கவில்லை என்று அர்த்தம். முள் காட்டுகிற கருவி, காற்று இல்லாதபோது பூச்சியத்தில நிற்குதா என்று ஒவ்வொரு காலையும் பாருங்கோ. நிற்காவிட்டால் அதை ஒதுக்கிவிட வேணும்.

முதல் அளவு 140/90க்கு மேல என்றால் ஒரு நிமிஷ இடைவெளியில இன்னும் இரண்டு எடுத்து, கடைசி இரண்டின் சராசரியை எழுதுங்கோ. எல்லாருக்கும் இது ஏலாது, கூடினவர்களுக்கு மட்டும் செய்தால் நேரம் காணும்.

மருந்தாளர் (கல்முனைப் பக்கம்):

மிஸ் சொன்னதில் ஒரு திருத்தம். அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணித்தியாலம் எடுக்கும். ஒரு காலை தவறினால் பெரிதாக ஏறாது. லொசாட்டன், எனலப்ரில் இரண்டும் கெதியில் இறங்கிவிடும், அவற்றில் ஒரு வேளை விடுபட்டாலும் தெரியும். ஆகவே அம்லோடிபின் மட்டும் எடுக்கிற ஒருவருக்குக் கிளினிக் நாளில் 160 நின்றால், அளந்த விதத்தைப் பாருங்கள். அது சரியென்றால் விடுபட்டது ஒரு நாள் குளிசை அல்ல, பல நாள்.

"ஒழுங்காகக் குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் "ஓம்" என்ற ஒரே பதில்தான் வரும். "போன கிழமையில் எத்தனை நாள் தவறிச்சு?" என்று கேளுங்கள், தவறுவது வழமை என்ற தொனியில். மிச்சக் குளிசைகளை உறையோடு கொண்டுவரச் சொல்வது அதைவிட நல்லது. 28 நாளுக்குக் கொடுத்து 9 மிஞ்சியிருந்தால் போட்டது 68 வீதம். 80 வீதத்துக்குக் கீழே இருக்கிறவருக்குப் புது மருந்து எழுதுவதில் பயனில்லை, அதுவும் அதே உறையில்தான் மிஞ்சும்.

ஏன் விடுகிறார்கள் என்பதற்குக் காரணங்கள் கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப அவையேதான் வரும்:

"சலம் கூடப் போகுது, பஸ்ஸில ஏற ஏலாது." இது எச்.சி.ரி. பயண நாளில் வீட்டுக்குத் திரும்பிய பிறகு போடலாம் என்று சொல்லிக் கொடுத்தால் ஆள் முழுதாக நிறுத்தமாட்டார். ஆனால் படுக்கப் போகும் நேரத்தில் கொடுக்காதீர்கள், வயதானவர்கள் இருட்டில் எழும்பி விழுவார்கள். இந்த மருந்து 12.5 மி.கி.யிலேயே வேலை செய்யும், 25 மி.கி. குளிசையில் பாதி.

"கால் வீங்குது." அம்லோடிபின், அதுவும் 10 மி.கி.யில். பின்னேரத்தில் கணுக்காலில் தெரியும். இதற்குச் சலம் போகிற மருந்து கொடுத்தால் வீக்கம் வடியாது. 5க்கு இறக்கி லொசாட்டனைச் சேர்த்தால் பெரும்பாலும் குறையும்.

"இருமல் நிக்குதில்ல." எனலப்ரில். இருமல் பாணி கொடுக்க வேண்டாம், லொசாட்டனுக்கு மாற்றுங்கள்.

"பிரஷர் சரியாப் போச்சுது எண்டாங்க, மறுகா ஏன் போடுவான்?" இதற்கு ஒரு வசனம் போதும்: குளிசை போடுகிறபடியால்தான் சரியாக நிற்கிறது.

நிறம் மாறுவதும் ஒரு காரணம். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள் என்றால் "இது என்ட குளிசை இல்ல" என்று வைத்துவிடுவார்கள், அல்லது பழையது வேறு புதியது வேறு என்று நினைத்து இரண்டையும் போடுவார்கள். உறையில் மருந்தின் பெயரோடு "பிரஷர்", "சீனி", "கொழுப்பு" என்று தமிழில் எழுத வேண்டும். நிறம் மாறும் மாதத்தில் கொடுக்கிறவர் வாயாலும் சொல்ல வேண்டும்.

இரட்டிப்பு மருந்தையும் கவனியுங்கள். அரச கிளினிக்கில் அம்லோடிபின், பின்னேரம் தனியார் டொக்டரிடம் வேறு பெயரில் அதே அம்லோடிபின், அல்லது அதே வகை நிபெடிபின். தலைசுற்றல், கால் வீக்கம் என்று வந்து, பயத்தில் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். வெளியில் எடுக்கும் பெட்டிகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் நிபெடிபினை உடைக்கவோ இடிக்கவோ கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

எந்த நாளில் அளந்தாலும் கூடத்தான் என்று எழுதினீர்களே, அவர்களிடம் நோவுக் குளிசை பற்றிக் கேளுங்கள். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் இரண்டும் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும். வெட்டுக் காலத்தில் முதுகு நோவுக்குத் தினமும் கடையில் வாங்கிப் போடுகிறவர் இதை மருந்தென்றே கணக்கெடுக்கமாட்டார், கேட்டால்தான் சொல்லுவார். லொசாட்டன், எச்.சி.ரி.யோடு இதுவும் சேர்ந்து, வெயிலில் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் அடிபடும். நோவுக்குப் பரசிட்டமோல் போதும். மூக்கடைப்புக் குளிசை, முட்டுக்கு (ஆஸ்துமா) என்று நெடுக எடுக்கிற பிரெட்னிசொலோன், கர்ப்பத்தடைக் குளிசை, நாட்டு மருந்தில் அதிமதுரம், எல்லாமே பிரஷரை ஏற்றக்கூடியவை.

படுவான்கரை எம்.ஓ.:

நன்றி மிஸ், நன்றி மருந்தாளர். வெறும் வயிற்று விஷயத்தை அடுத்த கிளினிக்கிலேயே மாற்றலாம். அளவும் சரி, குளிசையும் சரி என்று உறுதியான பிறகு? அம்லோடிபின் 5ஐ 10 ஆக்குவதா, 5ஐ அப்படியே வைத்து இன்னொன்றைச் சேர்ப்பதா? இங்கே கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) செய்ய முடியாது, இரத்தத்தை வெளியே அனுப்ப வேண்டும்.

குடும்ப மருத்துவம், அக்கரைப்பற்று:

சேர்ப்பதுதான். ஒரே மருந்தை இரட்டிப்பதை விட வேறு வகை மருந்தொன்றைச் சேர்ப்பது ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாகப் பிரஷரை இறக்கும். பக்கவிளைவு மட்டும் அளவோடு ஏறும். 5ஐ 10 ஆக்கி, கால் வீங்கி, ஆள் மருந்தையே விடுவது அதனால்தான்.

என் ஒழுங்கு இது. 140/90க்கு மேல் என்று இரண்டு வேறு நாள்களில் உறுதியானால் அம்லோடிபின் 5. தொடக்கமே 160/100க்கு மேல் என்றால் அம்லோடிபின் 5, லொசாட்டன் 50 இரண்டும் சேர்த்தே. ஒரு மாதத்தில் இறங்காவிட்டால் லொசாட்டனை 100 ஆக்கலாம், பிறகு எச்.சி.ரி. 12.5. அதன் பிறகும் கூடினால்தான் அம்லோடிபின் 10. அட்டனலோலை இந்த வரிசையில் நான் வைப்பதில்லை. நெஞ்சு நோ, மாரடைப்பு, நாடி ஒழுங்கீனம் போன்ற காரணம் இருந்தால் பீட்டா தடுப்பான் வேண்டும், வெறும் பிரஷருக்கு முன்வரிசை மருந்தல்ல. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவருக்குச் சடுதியாக நிறுத்தவும் கூடாது, முட்டு உள்ளவருக்குக் கொடுக்கவும் கூடாது. லொசாட்டனும் எனலப்ரிலும் ஒரே கொப்பியில் ஒருபோதும் சேரக் கூடாது.

மூன்று நாளில் கூட்டாதீர்கள். முழுப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை வேண்டும். மறுபக்கம், "இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்று 150இல் ஒரு வருடத்தை ஓட்டுவதும் பிழை. கிளினிக்குகளில் இரண்டாவது பிழைதான் அதிகம். கட்டுப்படும்வரை மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு முடிவு எடுக்கப்பட வேண்டும், கட்டுப்பட்ட பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அதுவே வரிசையைக் குறைக்கும். இலக்கு 140/90க்குக் கீழ். சீனி வருத்தம், இதய நோய், சிறுநீரக நோய் இருந்தால் மேல் எண் 130க்குக் கீழ்.

லொசாட்டனோ எச்.சி.ரி.யோ தொடங்க முதலும், தொடங்கி இரண்டு முதல் நான்கு கிழமைக்குள்ளும் கிரியேட்டினின், பொட்டாசியம், சோடியம். இரத்தத்தை வெளியே அனுப்புவதென்றாலும் இந்த இரண்டு முறையையும் தவறவிட வேண்டாம். கிரியேட்டினின் 30 வீதம் வரை ஏறினால் பயமில்லை, தொடரலாம். அதற்கு மேல் ஏறினாலோ பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினாலோ நிறுத்திவிட்டு அனுப்புங்கள். சலத்தில் புரதம் பார்க்கும் பட்டை உங்களிடமே இருக்கும், அதை எல்லாருக்கும் செய்யலாம். எச்.சி.ரி. எடுக்கும் வயதானவர் சோர்வு, தடுமாற்றம் என்று வந்தால் முதலில் சோடியத்தை நினையுங்கள். வயிற்றோட்டம், வாந்தி வந்தால் சாப்பாடும் தண்ணியும் வழமைக்கு வரும்வரை லொசாட்டனையும் எச்.சி.ரி.யையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வயது போனவருக்கும் சீனி வருத்தக்காரருக்கும் நிற்கவைத்து ஒன்றாம், மூன்றாம் நிமிஷத்தில் அளந்து பாருங்கள். மேல் எண் 20 விழுந்தால் மருந்து கூட்டும் கதையை விட்டுவிட்டு, இருக்கிற பிரசோசினை நிறுத்தலாமா என்று யோசியுங்கள்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு லொசாட்டன், எனலப்ரில் எழுத முதல் கர்ப்பம் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். தங்கினால் உடனே நிறுத்தி மெத்தில்டோபா அல்லது நிபெடிபின், அன்றைக்கே மகப்பேற்று கிளினிக்குக்குக் கடிதம். பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் தெரியப்படுத்துங்கள்.

அனுப்ப வேண்டியவர்கள்: 40 வயதுக்குள் வந்தவர், சலத்தில் புரதமோ இரத்தமோ உள்ளவர், எச்.சி.ரி. இல்லாமலே பொட்டாசியம் குறைந்தவர், குளிசை எண்ணி உறுதிப்படுத்திய பிறகும் மூன்று மருந்தில் இறங்காதவர். கடைசிக் கூட்டத்துக்கு நாலாவது மருந்து ஸ்பைரனோலக்டோன் 25. பொட்டாசியத்தை அடிக்கடி பார்க்க முடியாத இடத்தில் அதைத் தொடங்க வேண்டாம். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

190, 200 என்று வந்து எந்தக் குணங்குறியும் இல்லாதவரை ஓட்டமாக ஓடி அனுப்பத் தேவையில்லை. நிபெடிபினைக் கடித்து நாக்குக்குக் கீழ் வைக்கும் பழைய வழக்கம் ஆபத்து, சடுதியாக இறங்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போதாது. அமைதியாக இருத்தி அரை மணித்தியாலத்தில் திரும்ப அளந்து, விட்ட குளிசையைக் கொடுத்து, ஒரு கிழமைக்குள் வரச் சொல்லுங்கள். நெஞ்சு நோ, மூச்செடுக்க ஏலாமை, கை கால் விளங்காமை, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், மயக்கம் இருந்தால் கதை வேறு, உடனே அனுப்புங்கள். வீட்டில் நடந்தால் 1990 (அம்புலன்ஸ்). பாரிசவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி நான்கரை மணித்தியாலத்துக்குள்தான், வாவியைக் கடந்து வரும் நேரமும் அதற்குள் அடக்கம்.

உப்புக்கணக்கு (சுகாதாரக் கல்வி):

உப்பு பற்றி யாரும் எழுதவில்லை. "உப்பைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்புவது சொல்லாததற்குச் சமம். "வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை பக்கற் உப்பு?" என்று கேளுங்கள். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், ஒரு மட்டத் தேக்கரண்டி. நாலு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ முடிகிறதென்றால் ஆளுக்கு எட்டுக் கிராமுக்கு மேல், மீன் கழுவினதைக் கழித்தாலும் கூடத்தான். பாண், கருவாடு, மிக்சர், சூப் கட்டி, நூடில்ஸ் பக்கற்றுக்குள் இருக்கிற உப்பு இந்தக் கணக்கில் வரவே இல்லை.

எங்கள் சமையலில் ஒரே வேளையில் உப்பு பல இடத்தால் வரும்: இடியப்ப மாவில், சொதியில், சம்பலில், சம்பலுக்குள் போட்ட மாசியில். மாவுக்கும் சோற்றுக்கும் போடுகிற உப்பை நிறுத்துங்கள், கறியில் இருக்கிறது போதும். ருசியில் யாரும் பெரிதாகப் பிடிக்கமாட்டார்கள். சம்பலுக்குத் தேசிக்காயைக் கூட விட்டால் உப்பு குறைவது தெரியாது. கருவாட்டைத் துண்டாக்கி, தண்ணீர் இரண்டு தரம் மாற்றி ஊறவைத்துப் பிழிந்தால் ஒரு பகுதி உப்பு போகும், முழுதும் போகாது. அதை நாளாந்தக் கறியாக்காமல் கிழமையில் ஒரு நாளாக்குவதுதான் வழி. அச்சாறும் மோர்மிளகாயும் அப்படியே. பிரஷர்க்காரருக்குத் தனிச் சட்டி வைக்கச் சொல்லாதீர்கள், ஒரு கிழமைகூட ஓடாது. சமைக்கிற ஆளைக் கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறதில் பொட்டாசியம் இருக்கும். லொசாட்டன் எடுக்கிறவரும் சிறுநீரக நோய் உள்ளவரும் டொக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

படுவான்கரை எம்.ஓ.:

இன்னொன்று. நோன்பு மாதத்திலும் விரத காலங்களிலும் கொப்பி எல்லாம் குழம்பிவிடுகிறது. ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்திலிருந்து முஸ்லிம் ஆட்களும் வருகிறார்கள்.

மருந்தாளர் (கல்முனைப் பக்கம்):

நோன்புக்கு ஒரு மாதம் முந்திய கிளினிக்கிலேயே மாற்றி எழுதுங்கள், நோன்பு தொடங்கிய பிறகு கேட்டால் அவர்கள் தாங்களாகவே ஒன்றைத் தீர்மானித்திருப்பார்கள். ஒரு நாளுக்கு ஒரு வேளை மருந்துகளை நோன்பு திறந்த பிறகு கொடுக்கலாம். காலையா இரவா என்பதால் பாதுகாப்பில் வித்தியாசம் இல்லை. லொசாட்டன் 50 இரு வேளை எடுப்பவருக்கு 100ஐ ஒரே வேளையாக்கலாம். நிபெடிபின் இரு வேளை என்றால் அம்லோடிபினுக்கு மாற்றுவது இலகு. எச்.சி.ரி.யை ஸஹருக்கு (விடிய முதல் சாப்பிடும் நேரம்) கொடுத்தால் பகல் முழுக்கத் தண்ணீர் போய்க் காயும், அதை நோன்பு திறந்தவுடன் கொடுத்து, இரவில் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். வெயிலில் வேலை செய்கிறவருக்கு அந்த மாதம் எச்.சி.ரி. தேவையா என்று டொக்டர் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கந்தசஷ்டி, கௌரி விரதம் பிடிக்கிறவர்களில் பலர் தண்ணீர் குடிப்பார்கள், ஆகவே குளிசைக்குத் தடையில்லை. "விரதத்தில மருந்து குடிக்கக் கூடாது" என்று நினைத்து நிறுத்துகிறவர்களைத்தான் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். தீமிதிப்புக்கு விரதக் கட்டு நிற்கிறவர்களையும் சேர்த்து. சீனிக் குளிசை எடுப்பவர் என்றால் கிளிக்ளசைட்டின் அளவை டொக்டரோடு கதைக்காமல் விரதம் தொடங்க விடாதீர்கள்.